மூலைக்கு மூலை திரும்பினால் 360

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையின் உட்சாலை ஒன்றில் ஒரு சிறிய பட்டறை. தகரக் கூரை, இரண்டு வெல்டிங் செட், ஒரு துளை போடும் மிஷின், ஆறு ஆட்கள். ஆறு பேரில் நால்வர் தமிழர்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதமே ஆன ஒரு பையன் அங்கே ஹெல்பர். பத்தாம் வகுப்பில் மற்றப் பாடங்களில் தேறி, கணக்கில் மட்டும் தவறியவன்.

ஒரு சனிக்கிழமை காலை அறுகோணச் சட்டங்கள் இரண்டு வேண்டுமென்று ஆர்டர் வந்தது. செடித் தொட்டியைச் சுற்றி வைக்க. ஒரு பக்கம் 2 அடி. மேஸ்திரிக்கு வெளியே வேலை இருந்தது. "அறுகோணம் தெரியுமில்லே தம்பி?" என்று கேட்டார். "தெரியும் அண்ணே, 60 டிகிரி" என்றான் பையன். சரி, அறுத்து வை என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

பையன் சொன்னதில் தப்பில்லை. செய்ததில்தான் தப்பு. இரும்புப் பட்டையின் குறுக்கே மூலைமட்டத்தை வைத்து ஒரு நேர்கோடு இழுத்தான். அந்தக் கோட்டிலிருந்து 60 பாகை சாய்த்து இன்னொரு கோடு போட்டான். ஆறு துண்டுகளுக்கும் இரண்டு முனையிலும் அதே சாய்வில் அறுத்தான். மத்தியானம் துண்டுகளைத் தரையில் பரப்பி முனையோடு முனை சேர்த்துப் பார்த்தால், மூன்றாவது துண்டு போய் முதல் துண்டில் முட்டிக்கொண்டு நின்றது. அறுகோணம் கேட்ட இடத்தில் முக்கோணம்! மீதி மூன்று துண்டுகளுக்கு இடமே இல்லை. அவற்றைச் சேர்த்தால் இன்னொரு முக்கோணம்தான் வரும்.

12 அடிப் பட்டை வீண். சாய்வைக் குறைத்து மறுபடி அறுத்தால் துண்டின் நீளம் குறைந்து போகும். 2 அடி நிற்காது. விலையைச் சம்பளத்தில் பிடிக்கப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய பையனுக்கு முகம் செத்துப்போயிற்று.

தரையில் ஒரு பாடம்

மாலையில் திரும்பிய மேஸ்திரி திட்டவில்லை. சாக்பீசை எடுத்துப் பட்டறைத் தரையில் பெரிதாக ஓர் அறுகோணம் போட்டார். பையனை ஒரு கோட்டின் மேல் நிற்க வைத்தார்.

"நட. மூலை வந்ததும் நில்லு. இப்போ திரும்பாம நேரே போயிருந்தா எங்கே போயிருப்பே?"

பையன் கையை முன்னே நீட்டிக் காட்டினான்.

"அந்தக் கையை அப்படியே வெச்சுக்கிட்டு, அடுத்த கோட்டைப் பார்த்துத் திரும்பு. எவ்வளவு திரும்பினே? அதுதான் வெளிக்கோணம். மறுபடியும் நட."

ஆறு மூலையிலும் நின்று திரும்பி, ஆறாவது மூலையைக் கடந்ததும் பையன் புறப்பட்ட கோட்டின் மேலேயே, புறப்பட்ட திசையையே பார்த்து நின்றான். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் முதலில் எதிரே தெரிந்தது. இப்போதும் எதிரே தெரிந்தது. நடுவில் அவன் உடம்பு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருக்கிறது. ஒரு முழுச் சுற்று என்றால் 360 பாகை. ஆறு சமமான திருப்பங்கள். ஆக ஒரு திருப்பம் 60.

பலகோணங்களின் வெளிக்கோணங்கள் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லப்படும் விதி இதுதான். எத்தனை பக்கம் இருந்தாலும், உள்ளே குழிவு இல்லாத எந்தப் பலகோணத்திலும், மூலைக்கு ஒன்றாக எடுத்த வெளிக்கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை. பக்கங்கள் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கோணலும் மாணலுமான ஏழு பக்க மனையைச் சுற்றி வந்தாலும் கடைசியில் பழைய திசையைத்தானே பார்க்கிறோம்?

எது வெளிக்கோணம்?

இந்த இடத்தில்தான் பிள்ளைகளில் பலர் தடுக்கி விழுகிறார்கள். வெளிக்கோணம் என்ற பெயரைக் கேட்டதும், மூலைக்கு வெளியே விரிந்து கிடக்கும் இடம் முழுவதையும் அளந்து விடுகிறார்கள். அறுகோணத்தின் உட்கோணம் 120. சுற்றிலும் 360. ஆகவே வெளிக்கோணம் 240 என்று எழுதுகிறார்கள். அது வெளிக்கோணம் அல்ல.

ஒரு பக்கத்தை மூலைக்கு அப்பால் நேரே நீட்ட வேண்டும். நீட்டிய அந்தக் கோட்டுக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையே உள்ளதே வெளிக்கோணம். பையன் முன்னே நீட்டிய கைதான் அந்த நீட்டிய கோடு. நேர்கோட்டில் 180 பாகை; அதில் உட்கோணம் 120 போனால் மீதி 60. எந்த மூலையிலும் உட்கோணத்தையும் வெளிக்கோணத்தையும் கூட்டினால் 180தான்.

இரண்டு பக்கங்களில் எதை நீட்டுவது என்றும் சிலர் குழம்புவார்கள். எதை நீட்டினாலும் அளவு ஒன்றே. ஆனால் ஒரு மூலைக்கு ஒன்றுதான் எடுக்க வேண்டும். சுற்றி வரும்போது ஒரே திசையாக, ஒவ்வொரு பக்கத்தையும் அதன் முன்முனையில் நீட்டிக்கொண்டே போனால் குழப்பம் வராது.

உட்கோணங்களின் கணக்கும் இதிலிருந்தே கிடைத்து விடுகிறது. ஆறு மூலை என்றால் ஆறு 180, மொத்தம் 1080. அதில் வெளிக்கோணங்களின் பங்கு 360 போனால் உட்கோணங்களின் மொத்தம் 720. ஐந்து மூலை என்றால் 900-ல் 360 போக 540. சூத்திரத்தை உருப்போட வேண்டிய அவசியமே இல்லை.

பூங்காவிலும் சட்டைப் பையிலும்

ஞாயிற்றுக்கிழமை கப்பன் பூங்காவுக்குப் போகிறவர்கள் அங்குள்ள வார்ப்பிரும்பு இசை மேடையைப் பார்த்திருப்பார்கள். அது எண்கோண வடிவம். அதன் விளிம்பை ஒட்டி ஒரு சுற்று நடந்தால் எட்டு முறை திரும்ப வேண்டும். 360-ஐ எட்டால் வகுத்தால் 45. ஒவ்வொரு மூலையிலும் அரைச் செங்கோணத் திருப்பம்.

அவ்வளவு தூரம் போவானேன்? சட்டைப் பையில் 20 ரூபாய் நாணயம் இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். 2020-ல் புழக்கத்துக்கு வந்த அந்த நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம். வெளிக்கோணம் 30, உட்கோணம் 150. வயது முதிர்ந்தவர்களுக்கு 1964-ல் வந்த 3 பைசாவும் 1982-ல் வந்த 20 பைசாவும் நினைவிருக்கும். இரண்டும் அலுமினியம், இரண்டும் அறுகோணம். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் மாதக் கடைசியோடு செல்லாதவை ஆகிவிட்டன. 1992-ல் வந்த 2 ரூபாய் நாணயமோ பதினொரு பக்கம் கொண்டது. 360-ஐ 11-ஆல் வகுத்தால் முழு எண் வராது. 32 பாகையும் இன்னும் 11-ல் 8 பங்கும் வரும். கோணமானி வைத்து இதைத் துல்லியமாக வரைய முயன்றவர்களுக்குத்தான் தெரியும் அதன் சிரமம்.

ஒழுங்கு பலகோணங்களுக்கு, அதாவது எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமாக உள்ளவற்றுக்கு, கணக்கு வருமாறு:

முக்கோணம் – வெளிக்கோணம் 120, உட்கோணம் 60
சதுரம் – வெளிக்கோணம் 90, உட்கோணம் 90
ஐங்கோணம் – வெளிக்கோணம் 72, உட்கோணம் 108
அறுகோணம் – வெளிக்கோணம் 60, உட்கோணம் 120
எண்கோணம் – வெளிக்கோணம் 45, உட்கோணம் 135
பன்னிருகோணம் – வெளிக்கோணம் 30, உட்கோணம் 150

பக்கம் கூடக் கூட வெளிக்கோணம் சிறுக்கிறது. உட்கோணம் 180-ஐ நெருங்குகிறது. ஆனால் வெளிக்கோணங்களின் மொத்தம் மட்டும் அசையாமல் 360-லேயே நிற்கிறது.

பட்டறைக்காரர்கள் இதைக் கையாலேயே அறிவார்கள். அறுகோண நட்டை முடுக்கும் ஸ்பேனரை 60 பாகை திருப்பினால் அடுத்த பிடி கிடைக்கும். பன்னிரண்டு பள்ளம் கொண்ட ரிங் ஸ்பேனர் 30 பாகைக்கே பிடித்துக்கொள்ளும். இடம் குறுகலான எஞ்சின் அடியில் ரிங் ஸ்பேனரைத் தேடுவது இதற்காகத்தான்.

பாதியில் இருக்கிறது சூட்சுமம்

சரி, பையன் 60 என்று சொன்னது சரியானால் முக்கோணம் ஏன் வந்தது? ஒரு மூலையில் இரண்டு துண்டுகள் சேர்கின்றன. 60 பாகைத் திருப்பத்தை இரண்டு துண்டுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே நேர்கோட்டிலிருந்து அறுக்க வேண்டிய சாய்வு 30தான். பையன் இரண்டு துண்டிலும் முழு 60 சாய்த்தான். மூலைக்கு மூலை 120 பாகை திரும்பியது. மூன்று மூலையிலேயே 360 தீர்ந்துபோய் வளையம் மூடிக்கொண்டது. தப்பாக அறுத்தபோதும் விதி தப்பவில்லை.

நாற்கரச் சட்டத்துக்கு 45 சாய்த்து அறுக்கிறோமே, அதுவும் 90-ல் பாதிதான். எண்கோணத்துக்கு 22½. ஐங்கோணத்துக்கு 36. வெளிக்கோணத்தில் பாதி என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் தச்சுவேலைக்கும் இதே கணக்கு.

புகைக்குழாய்க்கும் ஏ.சி. காற்றுக்குழாய்க்கும் துண்டு துண்டாக அறுத்துப் பற்றவைக்கிற வளைவிலும் இதுவே அடிப்படை. அங்கே முழுச் சுற்று இல்லை. 90 பாகை மட்டும் திரும்ப வேண்டும். நான்கு துண்டு என்றால் மூன்று மூட்டு. ஒரு மூட்டுக்கு 30 பாகை. அறுக்கும் சாய்வு அதில் பாதி, 15. துண்டுகளை எண்ணி 90-ஐ நான்கால் வகுப்பவர்கள் உண்டு. வளைவு முடியும்போது குழாய் சுவருக்கு நேரே நிற்காமல் போவது அதனால்தான். வகுக்க வேண்டியது திருப்பங்களை, துண்டுகளை அல்ல.

திருப்பம் தப்பாக விழுந்தால் சின்னப் பிழையும் பெரிதாகும். அறுகோணச் சட்டத்தில் மொத்தம் பன்னிரண்டு அறுப்பு. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை குறைந்தால் கடைசி மூட்டில் 6 பாகை வாய் பிளந்து நிற்கும். வெல்டிங்கால் அதை மூடலாம். வடிவத்தைச் சரிசெய்ய முடியாது.

குழிந்த மூலை

எல்லா மனையும் ஒழுங்காக இருப்பதில்லை. 'எல்' எழுத்துப் போன்ற மனையை எடுத்துக்கொள்வோம். ஆறு மூலை. எல்லாத் திருப்பமும் 90. ஆறு தொண்ணூறு 540 ஆயிற்றே, விதி பொய்யா?

சுற்றி நடந்து பார்த்தால் விடை தெரியும். ஐந்து மூலைகளில் இடப்பக்கம் திரும்புகிறோம். உள்ளே குழிந்த ஒரு மூலையில் மட்டும் வலப்பக்கம் திரும்புகிறோம். அந்தத் திருப்பம் முந்தையதைக் கழித்து விடுகிறது. ஐந்து தொண்ணூறு 450, கழித்தல் 90, மீதி 360. குழிந்த மூலையின் திருப்பத்தைக் கழித்தல் குறியோடு சேர்த்தால் குழிவுள்ள பலகோணத்துக்கும் விதி பொருந்தும்.

கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் போடும் ஐந்து முனை நட்சத்திரத்தில் மட்டும் மொத்தம் வேறு. ஒவ்வொரு முனையிலும் 144 பாகை திரும்புகிறோம்; ஐந்துக்கு 720. கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால், புறப்பட்ட இடம் வருவதற்குள் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி விடுகிறோம்.

தண்டவாளத்தில் முக்கோணம்

நீராவி எஞ்சின் காலத்தில் எஞ்சினைத் திசை திருப்ப இரண்டு வழி இருந்தது. ஒன்று சுழல்மேடை. எஞ்சினை ஏற்றி 180 பாகை சுழற்றுவது. இன்னொன்று முக்கோணத் தடம். எஞ்சின் நேர்த்தடத்திலிருந்து ஒரு வளைவில் முன்னோக்கிப் போகும். 90 பாகை திரும்பும். அங்கிருந்து பின்னோக்கி இன்னொரு வளைவில் வரும். மேலும் 90 திரும்பும். மறுபடி நேர்த்தடத்துக்கு வந்து நிற்கும்போது மேற்கே பார்த்த முகம் கிழக்கே பார்க்கும். மூன்று பக்கம் சுற்றியும் மொத்தத் திருப்பம் 180தான்.

காரணம், அது மூலைகளில் வெளிப்பக்கமாகத் திரும்பவில்லை. முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டது. இதை வீட்டில் ஒரு பென்சிலால் பார்க்கலாம். முக்கோணத்தின் ஒரு பக்கத்தில் பென்சிலை வைத்து, ஒவ்வொரு மூலையிலும் உட்கோணத்தின் வழியே திருப்பி அடுத்த பக்கத்தில் சேர்த்துக்கொண்டே வந்தால், மூன்றாவது மூலைக்குப் பிறகு பென்சில் முனை எதிர்த்திசையைக் காட்டும். முக்கோணத்தின் உட்கோணங்கள் 180 என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை.

பழைய கேள்வி

இந்த விதி புதிதல்ல. கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், நிரூபணம் என்றால் என்ன என்பதை ஆராயும் தமது நூலில் இதை உதாரணமாகக் காட்டினார். இருசமபக்க முக்கோணத்தின் வெளிக்கோணங்கள் நான்கு செங்கோணங்களுக்குச் சமம். ஏன்? இரு பக்கம் சமமாக இருப்பதாலா? இல்லை, அது முக்கோணம் என்பதால். முக்கோணம் என்பதால் மட்டுமா? அதுவும் இல்லை, நேர்கோடுகளால் அடைபட்ட உருவம் என்பதால். கேள்வியை அதற்கு மேல் நகர்த்த முடியாத இடத்தில் காரணம் கிடைக்கிறது என்பது அவர் கருத்து.

நம் காலத்தில் இதைக் குழந்தைகளுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் சீமோர் பேப்பர்ட். 1967-ல் உருவான லோகோ என்ற கணினி மொழியில், ஆமை ஒன்றுக்கு 'இவ்வளவு தூரம் போ, இவ்வளவு திரும்பு' என்று கட்டளை கொடுத்தால் அது படம் வரையும். முக்கோணம் வேண்டி, உட்கோணத்தை நினைத்து 60 என்று கொடுத்தால் அறுகோணம் வந்து நிற்கும். பீன்யா பையனுக்கு நேர்ந்ததன் தலைகீழ்! முக்கோணத்துக்கு ஆமை 120 திரும்ப வேண்டும். 1980-ல் வெளியான தம் நூலில் இந்த 360 பாகை விதிக்கு ஆமையின் பெயரையே சூட்டினார் பேப்பர்ட்.

விதிக்கும் ஓர் எல்லை உண்டு. அது சமதரைக்கே உரியது. வட துருவத்திலிருந்து நேரே பூமத்திய ரேகைக்கு வந்து, 90 திரும்பி, ரேகையில் கால் பங்கு போய், மறுபடி 90 திரும்பித் துருவத்துக்கே ஏறி, அங்கே இன்னொரு 90 திரும்பினால் பழைய திசை வந்துவிடும். மொத்தம் 270தான். பூமி உருண்டையாக இருப்பதால் நேரும் வித்தியாசம் இது. 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவையில், பெரிய முக்கோணங்களின் கோணத் தொகையில் இந்த வளைவுக்கான சிறு திருத்தத்தையும் கணக்கிட வேண்டியிருந்தது. வீட்டு மனைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

தேர்வு எழுதுவோருக்கு

ரயில்வே, வங்கித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்கு இந்த வழி நேரத்தை மிச்சப்படுத்தும். 'ஓர் ஒழுங்கு பலகோணத்தின் உட்கோணம் 156, பக்கங்கள் எத்தனை?' என்று கேட்டால் உட்கோணச் சூத்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். 180-ல் 156 போனால் 24. 360-ஐ 24-ஆல் வகுத்தால் 15. முடிந்தது.

'உட்கோணம் 130 உள்ள ஒழுங்கு பலகோணம் உண்டா?' வெளிக்கோணம் 50. 360-ல் 50 ஏழு முறை போய் மீதி நிற்கிறது. ஆகவே இல்லை. 'குழிவற்ற பலகோணத்தில் அதிகபட்சம் எத்தனை குறுங்கோணங்கள் இருக்கலாம்?' உட்கோணம் 90-க்குக் குறைந்தால் வெளிக்கோணம் 90-க்கு மேல். அப்படி நான்கு இருந்தால் 360-ஐத் தாண்டிவிடும். ஆகவே மூன்று.

பீன்யா பட்டறையில் அன்று இரவு எட்டரை மணி வரை விளக்கு எரிந்தது. மேஸ்திரி முதலாளியிடம் பேசினார். வீணான பட்டையில் பாதியைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார். மீந்த முக்கோணங்கள் இரண்டையும் சுவரில் அலமாரிப் பலகை தாங்கப் பொருத்தி விட்டார்கள். பையனுக்குப் பிடித்தது பாதி விலைதான்.

புதுப் பட்டையில் 30 பாகைக்குக் கோடு போட்டதும் பையன் அறுக்கவில்லை. முதலில் அட்டையில் ஆறு துண்டு வெட்டித் தரையில் சேர்த்துப் பார்த்தான். வளையம் கச்சிதமாக மூடியது. அதன் பிறகே இரும்பைத் தொட்டான். திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு சட்டங்களும் வண்டி ஏறின.

தவறிய கணக்குப் பரீட்சையைத் தனித் தேர்வராக எழுத அவன் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறான். பட்டறைத் தரையில் மேஸ்திரி போட்ட சாக்பீஸ் அறுகோணம், ஆட்கள் நடந்து நடந்து இப்போது பாதி அழிந்து கிடக்கிறது.